வாப்பாவின் காணியில் பங்கு: கையெழுத்து வைப்பதற்கு முன்

புத்தளத்திலிருந்து இரவு பஸ்ஸில் வந்து இறங்கி, காலையில் நேரே என் மேசைக்கு முன்னால் அமர்ந்தார் அந்தத் தாய். மடியில் ஒரு பிஸ்கட் தகரம். அதற்குள் மடிப்புகள் கிழிந்த அறுதி உறுதி, வாப்பாவின் மரணச் சான்றிதழ், 1990இல் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்ட இடப்பெயர்வுக்கு முன்னர் கட்டிய சோலைவரி (ஆதனவரி)ப் பற்றுச்சீட்டுகள். யாழ்ப்பாணம் சோனகத் தெருப் பக்கம் 24 பேர்ச் காணி. "நானா (அண்ணன்) விற்கப் போகிறாராம். எனக்கும் அதில் பங்கு இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. வாப்பா மௌத்தான நாளிலிருந்தே இருந்தது.

பல குடும்பங்களில் பிழை தொடங்குவது இங்கேதான். காணியைப் பிரித்து எழுதினால்தான் பங்கு வரும் என்று நினைக்கிறார்கள். இல்லை. மரணம் நிகழ்ந்த கணத்திலேயே உரிமை வாரிசுகளுக்குப் போய்விடுகிறது. பிரிவினை அதற்கு எல்லை போடுகிறது, அவ்வளவுதான். யாழ்ப்பாணத்துக் காணி என்பதால் யாழ்ப்பாணத் தமிழருக்கான வழமைச் சட்டமாகிய தேசவழமைதான் பொருந்தும் என்று அயலவர் சொல்வதையும் நம்ப வேண்டாம். மரணசாசனம் இல்லாமல் இறந்த முஸ்லிமின் சொத்து, 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டப்படி, அவர் சார்ந்த பிரிவின் முஸ்லிம் சட்டத்தின் கீழேயே இறங்கும். இங்கு பெரும்பாலும் ஷாபி மத்ஹபு என்ற சட்டப் பிரிவு.

அந்த 24 பேர்ச்சையே எடுத்துக்கொள்வோம். இறந்தவருக்குத் தாய், மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்மார். ஜனாசாச் செலவு, கடன், மனைவிக்குக் கொடுபடாத மஹர் (கலியாணத்தில் கணவன் கொடுக்க வேண்டிய மணக்கொடை) ஆகியவற்றை முதலில் தீர்க்க வேண்டும். பிறகு மனைவிக்கு எட்டில் ஒன்று, 3 பேர்ச். தாய்க்கு ஆறில் ஒன்று, 4 பேர்ச். மீதி 17 பேர்ச்சில் மகனுக்கு எட்டரை, மகள் ஒவ்வொருவருக்கும் நாலேகால். "ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்று" என்ற வரியை எல்லோரும் சொல்வார்கள். இறந்தவரின் தாயான மூத்தம்மாவின் 4 பேர்ச்சை யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் பிறகு மௌத்தானால் அந்த 4 பேர்ச் அவருடைய வாரிசுகளுக்கு, அதாவது சாச்சாமார், மாமிமாருக்கும் போகிறது. முப்பது வருடம் பிரிக்காமல் விட்ட காணியில் பேரப்பிள்ளைகள் வரை நாற்பது பேர் கையெழுத்துக்குத் தேடப்படுவது இதனால்தான்.

"எனக்கு வேண்டாம், நானா வைத்துக்கொள்ளட்டும்" என்று மையித்து வீட்டில் (மரண வீட்டில்) ஒரு சகோதரி சொல்லிவிடுவார். 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புச் சட்டப்படி, உறுதி எழுதும் அதிகாரமுள்ள நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு உறுதி எழுதாமல் காணி கைமாறாது. ஆகவே அந்த வாய்ச்சொல் அவரைக் கட்டுப்படுத்தாது. அதை நம்பி வீடு கட்டிய நானாவையும் காப்பாற்றாது. இதைவிட எனக்குக் கவலை தருவது மறுபுறம்: கணவன் இறந்தபின் ஒதுங்கியிருக்கும் இத்தாக் காலத்தில் உள்ள விதவையிடம், வாசித்துக் காட்டாமல், "வங்கி அலுவலுக்கு" என்று வாங்கும் கையெழுத்து. இத்தா முடியட்டும். உறுதியை யாராவது சத்தமாக வாசிக்கட்டும். அதுவரை பேனாவைத் தொட வேண்டாம்.

நன்கொடை உறுதியில் ஒரு சொல்லைத் தேடிப் பாருங்கள். மீளப்பெற முடியாதது என்று உறுதியிலேயே எழுதப்படாவிட்டால், 1931ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அந்த நன்கொடையை மீளப்பெற முடியாததாகக் கருத இயலாது. மகளுக்கு வீடு கொடுத்துக் கலியாணம் முடித்த பல பெற்றோருக்கு இது தெரியாது. சீவிய உரித்தை (வாழும்வரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு எழுதும் நன்கொடைக்கு வேறு சட்டம் பொருந்துவதால், அதையும் நொத்தாரிசிடம் முன்கூட்டியே கேளுங்கள்.

தகப்பனுக்கு முந்தி ஒரு மகன் இறந்து, வேறு மகன் உயிரோடிருந்தால், முந்தி இறந்தவரின் பிள்ளைகளுக்குப் பாட்டனிடமிருந்து பங்கு வராது. அந்த எத்தீம் (தகப்பனை இழந்த) பிள்ளைகளுக்காகப் பாட்டன் உயிரோடிருக்கும்போதே வஸிய்யத் (மரணசாசனம்) எழுதலாம். ஷரீஆவில் அதற்கு மூன்றில் ஒன்று எல்லை. இலங்கைச் சட்டப்படி அதை எழுத நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள் வேண்டும். பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டதால் தெருவில் நின்ற பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

"நானா பத்து வருடத்துக்கு மேல் ஆட்சி செய்கிறார், உரிமை போய்விட்டது" என்று பயமுறுத்துவார்கள். பத்து வருட ஆட்சிக்காலம் 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் உண்மைதான். ஆனால் கூட்டு உரிமையாளர் ஒருவர் சும்மா குடியிருப்பதால் மற்றவரின் பங்கு அழியாது. உங்களை வெளிப்படையாக மறுத்து விலக்கியதை அவர் நிரூபிக்க வேண்டும். வெளியாள் ஒருவர் புகுந்திருந்தால் கதை வேறு, அங்கே ஒரு நாளையும் வீணாக்காதீர்கள்.

தூரத்தில் வாழ்பவர்களுக்கு மிகப் பெரிய ஆபத்து, காணியைப் பிரித்துத் தரக் கேட்கும் பங்கு வழக்கு. 1977ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டப்படி நில அளவையாளர் வருவார், காணியில் அறிவித்தல் ஒட்டப்படும், பறையறைந்து தெரிவிக்கப்படும். கேட்பதற்கு அங்கே நம் ஆட்கள் ஒருவரும் இல்லாவிட்டால்? தீர்ப்பு இறுதியானது, வழக்கில் பெயர் விடுபட்டவரையும் அது பெரும்பாலும் கட்டுப்படுத்தும். ஆகவே ஊரில் நம்பிக்கையான ஒருவரைக் காணியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். உங்களுக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரமாகிய அற்றோணித் தத்துவம் கொடுத்திருந்தால், கொடுத்தவர் மௌத்தான நாளோடு அது முடிந்துவிடும். அதன்பின் அதை வைத்து எழுதிய விற்பனை செல்லாது.

முஸ்லிம் விவாக விடயங்களை விசாரிக்கும் காதி நீதிமன்றத்துக்கு ஓடுவதும் வீண் அலைச்சல். விவாகரத்து, தாபரிப்பு, மஹர் அங்கே. காணிப் பங்கு மாவட்ட நீதிமன்றத்தில். மத்தியஸ்த சபையில் சமாதானம் வந்தாலும் உரிமை மாற உறுதி எழுத வேண்டும்.

பிஸ்கட் தகரத்தோடு வந்த தாய்க்கு நான் முதலில் சொன்னது, காணிப் பதிவகத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்க்கும்படிதான். உறுதி தொலைந்தவர்களுக்கும் அங்கிருந்து பிரதி எடுக்க வழி இருக்கிறது. சட்டத்தரணிக்குக் கட்டப் பணமில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாணக் கிளையை நாடலாம். மரணச் சான்றிதழ், வாரிசுகளின் பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், உறுதிப் பிரதி ஆகியவற்றைக் கொண்டு போங்கள். மூல உறுதியை யாரிடமும் பற்றுச்சீட்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். அவர் தகரத்தை மூடி, மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டே எழுந்து போனார்.