போர் போடும் முன் காந்தமானியோடு ஒரு நடை

வேலூர்ப் பக்கம் போர் போட பாயிண்ட் பார்ப்பது என்றால் உள்ளங்கையில் தேங்காயோடு ஒருவர் வருவார், அது நிமிர்ந்து நின்றால் அங்கேதான் தண்ணீர். அதோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் 800 அடி ஓட்டியும் புகை மட்டுமே வந்த நிலங்களைப் பார்த்தவன் நான், அதனால் போர் வண்டியைக் கூப்பிடும் முன் ஒரு நாள் காந்தமானியோடு, அதாவது பூமியின் காந்தப் புலத்தை அளக்கும் கருவியோடு, நடந்து பாருங்கள்.

இங்கே அடியில் சார்னகைட், நைஸ் என்கிற கெட்டிப் பாறைகள்தான். தண்ணீர் மேலே மக்கிய பாறையிலும் கீழே விரிசல்களிலும் மட்டுமே கிடைக்கும். இவற்றை வெட்டிக்கொண்டு சுவர் மாதிரி டோலரைட் ஓடும், வெட்டி மெருகேற்றி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்களே, அந்தக் கருப்புக் கல். இந்தச் சுவருக்குத்தான் டைக் என்று பெயர். சுவர் விரிசல் விடாமல் இருந்தால் மண்ணுக்கடியில் அணைக்கட்டு மாதிரி, மேட்டுப் பக்கம் தண்ணீர் தேங்கும், பள்ளத்துப் பக்கம் காயும். கல்லில் மேக்னடைட் என்கிற காந்த இரும்புத் தாது இருப்பதால் காந்தமானியில் பிடிபட்டுவிடும்.

முதலில் உடம்பில் இருக்கிற இரும்பைக் கழற்றுங்கள்: சாவிக்கொத்து, பெல்ட், செல்போன். வெள்ளி அரைஞாண் பரவாயில்லை. பைக்கைத் தூரத்தில் நிறுத்துங்கள், முள்வேலியை ஒட்டி நடக்காதீர்கள். ஒரு தடவை அளவு இஷ்டத்துக்குக் குதிக்கிறதே என்று மண்டையை உடைத்துக்கொண்டேன், கடைசியில் பார்த்தால் உதவிக்கு வந்த தம்பி தோளில் மண்வெட்டியோடு பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கிறான்.

அப்புறம் வடக்கு தெற்காகக் கோடு போட்டு 5 மீட்டருக்கு ஓர் அளவு எடுங்கள். நம் ஊரில் புவிகாந்தப் புலம் சுமார் 41,000 நானோடெஸ்லா (காந்தப் புலத்தின் அளவு அலகு), ஏறக்குறைய படுத்த வாக்கில் வடக்கு நோக்கி இருக்கும், அதனால் புரோட்டான் காந்தமானியின் சுருளைக் கிழக்கு மேற்காகப் பிடித்தால்தான் சிக்னல் நன்றாக வரும். இன்னொன்று, ஐரோப்பியப் புத்தகத்தில் பாறைக்கு மேலே அளவு ஏறுவதாகக் காட்டுவான், இங்கே கிழக்கு மேற்காக ஓடும் டைக்குக்குப் பெரும்பாலும் அளவு இறங்கத்தான் செய்யும். வடக்கு தெற்காக ஓடுகிற டைக் சரியாகவே தெரியாது, அதற்குக் கண்ணும் கருப்பு உருண்டைக் கற்களும்தான் துணை.

அரைமணிக்கு ஒருமுறை புறப்பட்ட இடத்துக்கே வந்து அளவெடுங்கள், சலிப்பான வேலைதான், ஆனால் கட்டாயம். காந்த நடுக்கோடு, அதாவது புவிகாந்தப் புலம் முழுக்கப் படுத்த வாக்கில் இருக்கும் கோடு, தமிழ்நாட்டின் தென்கோடியை ஒட்டிப் போவதால் உச்சிவெயில் நேரத்தில் புலம் தானாகவே ஏறி இறங்கும், அதைக் கழிக்காவிட்டால் இல்லாத டைக்கெல்லாம் முளைக்கும்.

சுவர் கிடைத்ததா? சரி, அதன் மேட்டுப் பக்கத்தில் நிலத்தின் மின்தடை பாருங்கள். மண்ணில் வரிசையாக அடித்த நாலு கம்பி, சம இடைவெளி, வெளிக் கம்பிகளில் மின்சாரம் விட்டு உள் கம்பிகளில் அளப்பது, அதுதான் வென்னர் முறை. இடைவெளி 10 மீட்டர், மீட்டரில் 2 ஓம் என்றால் 2 × 3.14 × 10 × 2, கிட்டத்தட்ட 126 ஓம் மீட்டர். இடைவெளியைக் கூட்டக் கூட்ட இந்த எண் ஆயிரங்களுக்குப் போனால் கீழே கெட்டிப் பாறை. மெதுவாக ஏறினால் மக்கிய பாறை ஆழமாக இருக்கிறது, அங்கேதான் பாயிண்ட். கோடையில் கம்பி அடியில் உப்புத் தண்ணீர் ஊற்ற மறக்காதீர்கள்.

பாயிண்டுக்கு மரமுளை அடியுங்கள். இரும்புக் கம்பி அடித்துவிட்டு மறுநாள் சந்தேகத்தில் திரும்ப அளந்தால், கம்பியையே டைக் என்று குறித்துக்கொண்டு வருவீர்கள்.