பனிப்பந்தை எந்தப் பெட்டியில் போடுவது?

காலநிலை மாற்றம் பற்றிய ஒரு பேச்சைக் கொடுத்து அலசச் சொன்னால், பலரும் உடனே மூன்று பெட்டிகளை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள்: பேசுபவரின் நம்பகத்தன்மை, உணர்ச்சி, தர்க்கம். ஒவ்வொரு வரியையும் ஏதாவது ஒன்றில் போட்டு மூடினால் வேலை முடிந்தது. முதல் தவறே இதுதான். அந்த வரியில் உள்ள உத்தி எந்த வாதத்தைத் தாங்குகிறது, தாங்கும் வலு அதற்கு உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

2015 பிப்ரவரி 26 அன்று அமெரிக்க செனட் அவைக்குள், காலநிலை மாற்றத்தை மறுத்துவந்த செனட்டர் ஜேம்ஸ் இன்ஹோஃப் ஒரு பனிப்பந்தைக் கொண்டுவந்தார். 2014தான் பதிவானதிலேயே வெப்பமான ஆண்டு என்கிறார்களே, வெளியே எவ்வளவு குளிர் பாருங்கள் என்பது அவர் வாதம். பார்க்க வேடிக்கையாக இருப்பதால் இதை உணர்ச்சிப் பெட்டியில் தள்ளிவிடுவார்கள். ஆனால் அவர் பந்தை நீட்டியது சான்றாக. அப்படியே எடுத்துக்கொண்டு சோதிக்க வேண்டும்: ஓர் ஊரின் ஒரு நாள் குளிர், உலகம் முழுவதன் ஓராண்டுச் சராசரியை மறுக்குமா?

சரி, இதே அளவுகோலை நமக்குப் பிடித்தவர்மீதும் வைக்கிறோமா? பெரும்பாலும் இல்லை. 1988 ஜூன் 23, வாஷிங்டனில் வெயில் கொளுத்திய நாளில், நாசா விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் செனட் குழு முன் சாட்சி சொன்னார். அன்றைய வெயிலே பாதிப் பேச்சைப் பேசியிருக்கும். அதை மட்டும் நம்பியிருந்தால் அவருடையதும் இன்னொரு பனிப்பந்துதான். அவரோ நீண்டகால வெப்பநிலைப் பதிவுகளைக் காட்டினார். குறிப்பிட்ட ஒரு வெப்ப அலைக்குப் பசுமை இல்ல விளைவைக் காரணம் காட்ட முடியாது என்றும் சேர்த்தே சொன்னார்.

உணர்ச்சி என்றாலே ஏமாற்று என்று நினைப்பது இன்னொரு பிழை. 2021இல் பசிபிக் தீவு நாடான துவாலுவின் அமைச்சர் சைமன் கோஃபே, கிளாஸ்கோவில் நடந்த ஐநா காலநிலை மாநாட்டுக்கான உரையைக் கடல்நீரில் நின்றபடி பேசிப் பதிவுசெய்தார். கடல்மட்டம் உயர்கிறது என்பதற்கு அந்தக் காட்சி ஆதாரமாகாது; அதை அளக்கக் கருவிகளும் செயற்கைக்கோள்களும் இருக்கின்றன. யாருடைய நிலம் போகப்போகிறது என்பதை அது கண்முன் நிறுத்துகிறது. அந்த வேலைக்கு அது சரியான காட்சி.

நம்பகத்தன்மைக்கும் இதே சோதனைதான். மனிதரால் புவி ஆபத்தாக வெப்பமடைகிறது என்பதை மறுத்து அமெரிக்காவில் சுற்றுக்கு விடப்பட்ட ஓரிகன் மனுவின் 31,000 கையெழுத்துகளைக் கண்டு மயங்க வேண்டாம். மருத்துவமும் பொறியியலும் படித்தவர்கள்கூடப் போட்டிருக்கிறார்கள்; காலநிலை ஆய்வாளர்கள் அதில் சொற்பம்.

அப்புறம் சொற்கள். ‘புவி வெப்பமடைதல்’ பயமுறுத்துகிறது, ‘காலநிலை மாற்றம்’ என்றே சொல்லுங்கள் என்று 2002இல் அமெரிக்கக் குடியரசுக் கட்சியினருக்கு அரசியல் ஆலோசகர் ஃபிராங்க் லுன்ட்ஸ் எழுதிக் கொடுத்தது உண்மை. அதற்காக அந்தச் சொல் வரும் இடமெல்லாம் சூழ்ச்சி தேட வேண்டியதில்லை. ஐநாவின் ‘காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையேயான குழு’ 1988லேயே அந்தச் சொல்லைப் பெயரில் தாங்கித்தான் தொடங்கியது.