பழைய சீனத்தில கட்டு, அணைக்கான சொல்லுகளைப் பிரிச்சுப் பிடிக்கிறது எப்பிடி?

பழைய சீனம் வாசிக்கேக்க இந்தச் சொல்லுகள் குழப்பும், அதால முதல்ல எங்கட கந்தளாய்க் குளக்கட்டை மனசில வையுங்கோ. அது மாதிரிக் கரை நீளத்துக்குப் போற கட்டு 'தீ' (நெருப்பு இல்ல), எழுத்தின்ர இடப்பக்கம் மண் குறி நிக்கும், ஆனா அது 'யென்', 'தாங்' எழுத்துகளிலயும் இருக்கு, அதை மட்டும் பாத்துப் பிடிக்கேலாது. 'யென்' எண்டா ஆத்துத் தண்ணியை மறிச்சுத் திருப்புற தாழ்வான அணை, சீனாவின்ர சிச்சுவான்ல கி.மு. 256 அளவில லீ பிங் எண்ட ஆளுநர் தொடங்கின தூச்சியாங்யென் நீர்ப்பாசன அணையின்ர பேரிலயே அது இருக்கு, மூங்கில் கூடையில கல்லு நிரப்பிப் போட்டுக் கட்டினவை. 'ஃபாங்' முந்திக் கரைக்கட்டு, பிறகு தடுக்கிறது, காக்கிறது எண்டு கருத்து மாறிட்டுது. பொல்லாதது 'தாங்', பழசில கட்டு, பிறகு குளம்! நாங்களும் குளம் உடைஞ்சிட்டுது எண்டுதானே சொல்லுறம், உடைஞ்சது கட்டு. அதால 'தாங்' வந்தா நூலின்ர காலத்தைப் பாத்திட்டுக் கருத்தை எடுங்கோ.