பீர் நடுவர் தேர்வு: குழுவாகப் படிப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே பீரை ஆறு கோப்பைகளில் ஊற்றி ஆறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலில் முகர்ந்தவர், "வெண்ணெய் மணக்கிறதே" என்கிறார். அடுத்த நொடியே மற்ற ஐந்து பேருக்கும் வெண்ணெய் மணக்கத் தொடங்கிவிடுகிறது. அந்த பீரில் உண்மையிலேயே வெண்ணெய் மணம் தரும் டையாசெட்டில் என்ற வேதிப்பொருள் இருந்ததா என்பது அதன்பின் யாருக்கும் தெரியப் போவதில்லை.

வீட்டில் பீர் காய்ச்சுபவர்களின் குழுவில் சேர்ந்து நடுவர் தேர்வுக்குப் படிப்பவர்கள் செய்யும் முதல் தவறு இதுதான். என் கணக்கில் மிகப் பெரிய தவறும் இதுதான். குழுவில் படிப்பதால் பல மூக்குகள் கிடைக்கின்றன, உண்மை. ஆனால் வாய் திறந்த மாத்திரத்தில் அவை எல்லாம் ஒரே மூக்காகிவிடுகின்றன. அனுபவசாலி ஒருவர் மேசையில் இருந்தால் இன்னும் மோசம். அவர் புருவம் உயர்வதைப் பார்த்தே மதிப்பெண் போடுகிறவர்களைக் கண்டிருக்கிறேன். எல்லோரும் எழுதி முடித்து எழுதுகோலைக் கீழே வைக்கும்வரை யாரும் பேசக் கூடாது. பிறகு பேசுங்கள், புதியவரிலிருந்து தொடங்கி மூத்தவரில் முடியுங்கள்.

பி.ஜே.சி.பி. எனப்படும் பீர் நடுவர் சான்றளிப்புத் திட்டம் 1985இல் அமெரிக்காவில் தொடங்கி, இன்று பல நாடுகளில் தேர்வு நடத்துகிறது. முதலில் இணையவழித் தேர்வு: 60 நிமிடத்தில் 180 கேள்விகள். அதில் தேறியவர்கள் ஓராண்டுக்குள் சுவைத் தேர்வு எழுத வேண்டும்: 90 நிமிடத்தில் ஆறு பீர், கையில் எந்தக் குறிப்பும் இல்லாமல். ஒவ்வொரு பீருக்கும் ஒரு மதிப்பீட்டுத் தாள். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10, ஆக 50.

நம் தாளை எப்படித் திருத்துகிறார்கள் என்பதைப் பலர் கடைசிவரை விசாரிப்பதே இல்லை. ஐந்து அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் 20 விழுக்காடு: கொடுத்த மதிப்பெண்ணின் துல்லியம், உணர்ந்தவை சரியா, விவரிக்கும் திறன், காய்ச்சியவருக்குத் தரும் ஆலோசனை, தாளின் முழுமை. முதல் இரண்டுக்கும், அதே பீர்களைச் சுவைத்த அனுபவமிக்க நடுவர்களின் தாள்களே அளவுகோல். மீதி மூன்றும் எழுத்து வேலை. அதாவது நாக்கு சுமாராக இருந்தாலும் கை ஓடினால் கரையேறலாம். அபாரமான நாக்கு இருந்தும் நான்கு வரியில் தாளை முடிப்பவர் கரையேறுவது கடினம். வாரம் தவறாமல் கூடி, சுவைத்து, சுவையாகப் பேசிக் கலையும் குழுக்கள் தேர்வில் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

அப்படியானால் எழுதுவது எப்படி? மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய தானியம். "நல்ல மால்ட் மணம்" என்பது எதையும் சொல்லவில்லை. எவ்வளவு, எந்த வகை என்ற இரண்டு கேள்விகளுக்கும் ஒவ்வொரு வாக்கியமும் விடை சொல்ல வேண்டும். "மால்ட் மணம் மிதம், ரொட்டியின் பொன்னிற மேலோட்டை நினைவூட்டுகிறது, பின்னால் லேசான கேரமல்" என்று எழுதினால் திருத்துபவருக்கு அந்தக் கோப்பை கண்முன் வரும். இல்லாததையும் எழுத வேண்டும். பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் மணம் இல்லையென்றால் "ஹாப்ஸ் மணம் இல்லை" என்றே எழுதுங்கள். விட்டுவிட்டால் நீங்கள் அதைத் தேடவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். கடிகாரம் வைத்துப் பழகாததும் இதே வகைத் தவறு. ஒரு பீருக்கு 15 நிமிடம் என்பது கேட்கும்போது தாராளமாகத் தோன்றும்; முதல் முறை எழுதிப் பார்ப்பவர்கள் சுவைப் பகுதியைத் தாண்டுவதற்குள் மணி அடித்துவிடும்.

ஊற்றியவுடன் முகராமல் நிறத்தை எழுத ஆரம்பிப்பவர்களும் உண்டு. நிறம் எங்கும் ஓடிப்போகாது. சில மணங்கள் இரண்டு நிமிடத்தில் போய்விடும்.

அடுத்தது, குறை வேட்டை. குழுக்களில் குறைச்சுவைப் பயிற்சி என்று ஒன்று நடத்துவார்கள்: குளிர்ந்த நிலையில் நொதிக்கவைக்கும் லாகர் என்ற சாதாரண பீரில் டையாசெட்டில், அசெட்டால்டிஹைடு, டிஎம்எஸ் போன்றவற்றை அளந்து கலந்து, வெண்ணெய், பச்சை ஆப்பிள், வேகவைத்த மக்காச்சோளம் என்று அடையாளம் காணப் பழக்குவார்கள். அவசியமான பயிற்சி. ஆனால் அதைப் பெரும்பாலும் அளவுக்கு மீறிக் கலக்கிறார்கள். மூக்கில் அறையும் அளவு கலந்ததில் பழகியவருக்குத் தேர்வில் வரும் மெல்லிய சாயல் பிடிபடுவதில்லை. ஒரே குறையை இரண்டு மூன்று செறிவுகளில் வையுங்கள். எதுவும் கலக்காத கோப்பை ஒன்றையும் பெயர் சொல்லாமல் நடுவில் நுழைத்துவிடுங்கள். அதில் மூன்று பேர் மூன்று குறைகளைக் கண்டுபிடிப்பார்கள், பாருங்கள். இந்தப் பயிற்சியில் இன்னொரு பயனும் உண்டு. டையாசெட்டில் சிலருக்கு எளிதில் உறைப்பதில்லை. நீங்கள் அந்த வகையா என்று தேர்வுக்கு முன்பே தெரிந்துகொண்டால், நாக்கில் படரும் வழுக்கலைக் கவனிப்பது போன்ற வேறு தடயங்களைத் தேடப் பழகலாம்.

வேட்டைக்காரர்கள் மறந்துவிடும் விஷயம், குறை என்பது பீரின் பாணியை, அதாவது வகையைப் பொறுத்தது. வாழைப்பழ மணமும் கிராம்பு மணமும் ஜெர்மானியக் கோதுமை பீரான வைஸ்பியருக்கு அடையாளம். அவையே லாகரில் வந்தால் பிழை. லேசான வெண்ணெய்ச் சாயலை செக் நாட்டு வெளிர் லாகரில் பொறுத்துக்கொள்வார்கள், ஜெர்மானிய பில்ஸ்னரில் மாட்டார்கள். இதனால்தான் பி.ஜே.சி.பி.யின் பாணி வழிகாட்டியை முதல் எண்ணிலிருந்து வரிசையாக மனப்பாடம் செய்வது வீண் உழைப்பு என்கிறேன். அதில் 34 பீர் வகைப் பிரிவுகள் இருக்கின்றன. வரிசையாகப் போனால் பத்தாவது வாரத்தில் முதல் வாரம் மறந்திருக்கும். குழம்பக்கூடியவற்றை அருகருகே வைத்துப் படியுங்கள்: ம்யூனிக் ஹெல்லஸுக்குப் பக்கத்தில் ஜெர்மானிய பில்ஸ்னர் (இரண்டும் வெளிர் லாகர்கள்), போர்ட்டருக்குப் பக்கத்தில் ஸ்டவுட் (இரண்டும் கருநிற பீர்கள்). யாரோ கொடுத்த பழைய குறிப்புகளில் படிப்பவர்கள் பதிப்பு ஆண்டையும் பார்த்துக்கொள்ளுங்கள். 2015 பதிப்பு 2021இல் திருத்தப்பட்டது.

மாதிரிக்கு வாங்கும் பாட்டில்களும் ஏமாற்றும். வழிகாட்டி உதாரணமாகக் குறிப்பிடும் பீர்தானே என்று நம்பி வாங்குவோம். அது கடல் கடந்து, மாதக்கணக்கில் அலமாரியில் நின்று, ஈர அட்டையின் வாசனையோடு வந்து சேரும். பச்சை பாட்டில் என்றால் வெளிச்சம் பட்டு, ஹாப்ஸிலுள்ள பொருள்கள் சிதைந்து, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றமும் சேர்ந்திருக்கலாம். அதையே அந்தப் பாணியின் இயல்பான மணம் என்று குழுவே படித்துக்கொண்டால் எப்படியிருக்கும்? ஒரு பாணிக்கு ஒரே பாட்டிலை நம்பாதீர்கள்.

அளவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஒருவருக்கு 60 முதல் 90 மில்லி போதும். ஒரு மாலைக்கு ஐந்தாறு பீருக்கு மேல் வேண்டாம். மென்மையானதில் தொடங்கிக் கடுமையானதில் முடியுங்கள். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு வருகிறவரை வாசலிலேயே திருப்பி அனுப்பலாம். வாகனம் ஓட்டிக்கொண்டு யாரும் வீடு திரும்பக் கூடாது.

ஆலோசனைப் பகுதிதான் அனுபவமுள்ள காய்ச்சுநர்களைக் கவிழ்க்கும் இடம். தெரிந்ததெல்லாம் கொட்டத் தோன்றும். டையாசெட்டில் இருந்தால், "நொதித்தல் முடியும் தறுவாயில் வெப்பத்தைச் சற்று உயர்த்தி, ஈஸ்ட்டின் மேலேயே மேலும் சில நாள் விட்டுப் பாருங்கள்" என்பது நல்ல ஆலோசனை. "நீங்கள் சீக்கிரம் பாட்டிலில் அடைத்துவிட்டீர்கள்" என்பது தீர்ப்பு. பாக்டீரியாத் தொற்றாலும் அதே வெண்ணெய் வரும். அவருடைய காய்ச்சுமிடத்தை நீங்கள் பார்த்ததில்லை. குறையே இல்லாத பீருக்கு எதையாவது திருத்தச் சொல்லியாக வேண்டும் என்று முரட்டுப் பிடிவாதம் பிடிக்கவும் வேண்டாம். எது நன்றாக வேலை செய்கிறது, ஏன் என்று எழுதினால் அதுவும் ஆலோசனைதான்.

பதவிப் படிகளைப் பார்க்காமல் தேர்வோடு நிறுத்திவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சுவைத் தேர்வில் நூற்றுக்கு 60 எடுத்தால் "ரெககனைஸ்டு" நிலை. "சர்ட்டிஃபைடு" ஆவதற்கு 70 மதிப்பெண்ணோடு 5 அனுபவப் புள்ளிகளும் வேண்டும். அவற்றைப் பெரும்பாலும் போட்டிகளில் வேலை செய்துதான் சேர்க்க முடியும். ஆகவே படிக்கும் காலத்திலேயே போட்டிகளுக்குப் போய் நடுவர்களுக்குப் பரிமாறும் வேலையையாவது கேட்டு வாங்குங்கள். இரண்டு நடுவர்கள் ஒரு பீரைப் பற்றி வாதிடுவதைப் பக்கத்தில் நின்று கேட்பது பல வாரப் படிப்புக்குச் சமம்.

கடைசியாக மதிப்பெண். குழுவில் எல்லா பீருக்கும் 30க்கும் 35க்கும் நடுவில் போட்டு நழுவும் பழக்கம் வெகு விரைவில் ஒட்டிக்கொள்ளும், ஏனென்றால் காய்ச்சியவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். தாளில் 30 முதல் 37 வரை "மிக நன்று", 21 முதல் 29 வரை "நன்று", 14 முதல் 20 வரை "சுமார்". புளித்துக் கெட்டது என்று எழுதிவிட்டு 33 போட்டால் எழுத்தும் எண்ணும் ஒன்றையொன்று பொய்யாக்கும். எங்கள் குழுவில் ஒரு நண்பரின் பீருக்கு நான் முகம் பார்த்து 38 போட்டேன். இரண்டு வாரம் கழித்து, பாட்டிலைத் துணியால் சுற்றி, வேறு மூன்றோடு கலந்து வைத்தார்கள். அப்போது அதற்கு நான் போட்டது 27. பாட்டிலைப் பிரித்ததும் எனக்குத் தலை நிமிரவில்லை. நண்பர் தன் தாளை மெதுவாக என் பக்கம் தள்ளினார். தன் பீர் என்று தெரியாமல் அவர் அதற்கு 24 போட்டிருந்தார்.