நெல்லை வெயிலில் ஓவர்கிளாக்கிங்: விலை குறைந்த மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு

சித்திரை, வைகாசி மதியத்தில் பாளையங்கோட்டை 40 டிகிரியைத் தொடும். ஏசி இல்லாத அறையில் பிராசஸரைக் குளிர்விக்க வேண்டியதும் அந்த வெக்கைக் காற்றுதான். அதனால் நம்ம ஊரில் ஓவர்கிளாக் செய்ய, அதாவது பிராசஸரையும் ரேமையும் வழக்கமான வேகத்துக்கு மேலே ஓடவைக்க நினைப்பவர், வேகத்துக்கு முன்னால் சூட்டைக் கணக்குப் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசஸரையும் பி450 மதர்போர்டையும் வைத்துக்கொள்வோம்.

முதலில், போர்டு இதற்கு இடம் கொடுக்குமா என்று பாருங்கள். ரைசனுக்கான பி450, பி550 போர்டுகள் கொடுக்கும், ஏ520 கொடுக்காது. இன்டெலின் பி660, பி760 போர்டுகளில் பொதுவாக ரேம் வேகத்தை மட்டும்தான் கூட்ட முடியும்.

அப்புறம் கேஸைத் திறந்து பிராசஸர் சாக்கெட்டின் ஓரத்தைக் கவனியுங்கள். வரிசையாகச் சின்னச் சின்னக் கறுப்புச் சில்லுகள் இருக்கும். அதுதான் வி.ஆர்.எம். பவர் சப்ளை தரும் 12 வோல்ட்டை ஒன்றேகால் வோல்ட் அளவுக்கு இறக்கிப் பிராசஸருக்குக் கொடுப்பது அதன் வேலை. மலிவான போர்டுகளில் பெரும்பாலும் சிக்கனம் பிடிப்பதும் இந்த இடத்தில்தான். அதன்மேல் ஹீட்சிங்க், அதாவது சூட்டை இழுக்கும் உலோகக் கட்டி, இல்லையென்றால் பிராசஸர் வேகத்தில் கைவைக்காதீர்கள், ரேமோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

அடுத்தது தூசி. வள்ளியூர், பணகுடிப் பக்கம் ஆனி, ஆடிக் காற்றில் வீட்டுக்குள் வரும் புழுதியெல்லாம் கூலர் தகடுகளுக்கு நடுவே அடைந்திருக்கும். ஃபேனை விரலால் பிடித்துக்கொண்டு பிளோயரால் ஊதுங்கள். பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட்டை மாற்றுவதானால், கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுச் சூடாக்கி, அணைத்து, திருகுகளைக் கழற்றியபின் கூலரை லேசாக இடமும் வலமும் திருப்பி எடுங்கள். நேராக இழுத்தால், இந்த ரைசன் உட்காரும் ஏஎம்4 சாக்கெட்டில் பிராசஸரும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடலாம்.

இனி பயாஸ், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் போர்டின் அமைப்புத் திரை. கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே டெலிட் பட்டனை விடாமல் தட்டினால் உள்ளே போகலாம். முதலில் எக்ஸ்எம்பியை, அதாவது ரேமை அதன் பெட்டியில் போட்ட வேகத்தில் ஓடவைக்கும் அமைப்பை, ஆன் செய்யுங்கள். 3200 என்று போட்டு விற்ற ரேம், இதை ஆன் செய்யாதவரை 2133 அல்லது 2400, 2666 வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். செலவோ பெரிய சூடோ இல்லாமல் கிடைக்கும் லாபம் இது. பலருக்கு இதுவே போதும்.

பிராசஸருக்குப் போகுமுன், விண்டோஸில் சினிபெஞ்ச் என்ற வேகச் சோதனை மென்பொருளை ஓட்டி மதிப்பெண்ணையும், ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருள் காட்டும் சூட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பயாஸில் சிபியு ரேஷியோவை, அதாவது பிராசஸர் வேகத்தின் பெருக்கு எண்ணை, 40 என்று வையுங்கள். 100 மெகாஹெர்ட்ஸ் பெருக்கல் 40, அதாவது 4 ஜிகாஹெர்ட்ஸ். வோல்டேஜை ஆட்டோவில் விடாமல் 1.25 என்று நீங்களே கொடுங்கள். ஆட்டோவில் விட்டால் சில போர்டுகள் தேவைக்குமேல் அள்ளிக் கொடுத்துவிடும். ஓடினால் ரேஷியோவைக் கால் காலாக (40.25, 40.5 என்று) கூட்டுங்கள். 1.3 வோல்ட்டைத் தாண்ட வேண்டாம். ஒன்றை யோசித்துக்கொள்ளுங்கள்: இந்தப் பிராசஸர் ஒற்றைக் கோர் வேலைக்குத் தானாகவே 4.2 ஜிகாஹெர்ட்ஸ் வரை போகும். 4 என்று பூட்டிவிட்டால் வீடியோ ரெண்டரிங் வேகமாகலாம், சின்ன வேலைகள் கொஞ்சம் மெதுவாகும்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பிராசஸருக்கு முழு வேலை கொடுத்துச் சோதிக்கும் ஓசிசிடி மென்பொருளை அரைமணி நேரம் ஓட்டுங்கள். ஏஎம்டி சொல்லும் உச்ச வரம்பு 95 டிகிரி. நான் 85-லேயே நிறுத்தச் சொல்வேன். வி.ஆர்.எம். சூட்டை உங்கள் போர்டு காட்டினால் அது 100-க்குக் கீழே இருக்கட்டும். கடைசிச் சோதனையை உச்சி வெயிலில் செய்யுங்கள். கார்த்திகை மழையில் 80 காட்டியது, அறை 10 டிகிரி சூடானால் ஏறக்குறைய 90-க்குப் போய்விடும்.

திரை கறுப்பாகவே நின்றால் பயப்பட வேண்டாம். பிளக்கைப் பிடுங்கி, போர்டில் இருக்கும் வட்டமான சிஆர்2032 பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். ஆனால் ஓவர்கிளாக்கால் வரும் சேதத்துக்கு ஏஎம்டி வாரண்டி கிடையாது என்பது ஞாபகம் இருக்கட்டும்.

சரியாக அமைந்த எண்களை பயாஸில் புரொஃபைலாகச் சேமித்து, போனில் ஒரு போட்டோவும் எடுத்து வையுங்கள். பயாஸ் அப்டேட் செய்தால் அவை அழிந்துவிடலாம். அந்த அப்டேட்டையும் யுபிஎஸ் இருந்தால் மட்டும் செய்யுங்கள். நடுவில் கரண்ட் போனால் போர்டே செத்துப்போகலாம்.