வேலையில இருந்துக்கிட்டே நர்சிங் டிகிரி: அப்ரண்டிஸ்ஷிப்ல சேரப் போறவங்களுக்கு

இங்கிலாந்துல ஹெல்த்கேர் அசிஸ்டென்டா இருக்குற நம்ம ஆளுங்க என்கிட்ட கேக்குறது ஒரே கேள்விதான், சம்பளத்த விடாம நர்ஸ் ஆக முடியுமான்னு. முடியும். டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்ல யுனிவர்சிட்டி ஃபீஸ் ஒரு பென்னி நீங்க கட்ட வேண்டாம், ஸ்டூடண்ட் லோனும் கிடையாது, மாசம் பொறந்தா சம்பளம் அக்கவுண்ட்ல விழுந்துடும். நானும் அப்படித்தான் படிச்சு முடிச்சேன். விளம்பரத்துல சிரிச்சுக்கிட்டு நிக்குற போட்டோவ நம்பி உள்ள போனா முதல் வருஷமே மூச்சு முட்டும், அதனால எதுக்கு ரெடியா போகணும்னு சொல்லிடுறேன்.

முதல்ல ஒண்ணு, ஊர்ல பிஎஸ்சி நர்சிங் முடிச்சவங்க இந்தப் பக்கமே வராதீங்க. உங்களுக்கு இங்கிலீஷ் டெஸ்ட், சிபிடி (கம்ப்யூட்டர்ல எழுதுற பரீட்சை), ஆஸ்கி (செஞ்சு காட்டுற பரீட்சை)னு தனி ரூட் இருக்கு, படிச்சதையே திரும்ப நாலு வருஷம் எதுக்கு படிக்கணும்.

மத்தவங்களுக்கு, இது யூகாஸ்ல, அதாவது யுனிவர்சிட்டி அட்மிஷன் வெப்சைட்ல, நாமளா அப்ளை பண்ற விஷயம் இல்ல, உங்க எம்ப்ளாயர்தான் உங்கள அனுப்பணும். அப்ரைசல் வரைக்கும் காத்திருக்காம லைன் மேனேஜர்கிட்ட இப்பவே வாயத் திறந்து கேளுங்க, அப்படியே எஜுகேஷன் டீமுக்கும் ஒரு மெயில் போட்டு வைங்க. வெளிநாட்டுக்காரங்க வேலை பாக்குற விசாவுல இருந்தா பொதுவா கோர்ஸ் தொடங்குறதுக்கு முன்னாடி 3 வருஷம் இங்கயே குடியிருந்திருக்கணும், ஸ்டூடண்ட் விசா ஆகாது. இங்கிலீஷும் கணக்கும் லெவல் 2 (இங்க பத்தாம் வகுப்பு மாதிரியான ஜிசிஎஸ்இ பாஸ் அளவு) கேப்பாங்க. ஊர் சர்டிபிகேட்ட வச்சு மல்லுக்கட்டுறத விட அதுக்குச் சமமான ஃபங்ஷனல் ஸ்கில்ஸ் பரீட்சைய எழுதிட்டுப் போறது சுலபம், நான் அதத்தான் பண்ணேன். ஒரேடியா நாலு வருஷம் பயமா இருந்தா நர்சிங் அசோசியேட்னு, அசிஸ்டென்டுக்கும் நர்ஸுக்கும் நடுவுல இருக்குற வேலைக்கு, 2 வருஷ கோர்ஸ் இருக்கு, அத முடிச்சுட்டு கொஞ்ச நாள் வேலை பாத்துட்டு அப்புறம் மேல ஏறலாம், படிச்சதுல ஒரு பங்க கழிச்சுக்குவாங்க.

சரி, உள்ள போயாச்சு. நர்ஸுங்கள பதிவு பண்ற கவுன்சிலான என்எம்சி கணக்குப்படி மொத்தம் 4,600 மணி நேரம், அதுல பாதி தியரி, பாதி ப்ராக்டிஸ். ப்ராக்டிஸ் நேரத்துல நீங்க சூப்பர்நியூமரரி, அதாவது வார்டோட ஆள் கணக்குல நீங்க இல்ல, கத்துக்க வந்தவர். சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா உங்கள அஞ்சு வருஷமா அசிஸ்டென்டா பாத்துப் பழகினவங்க கண்ணுக்கு நீங்க இன்னைக்கும் அசிஸ்டென்ட்தான், இந்தப் படிப்புல ரொம்பக் கஷ்டமானது எதுன்னா நான் இதத்தான் சொல்வேன், அசைன்மென்ட் எல்லாம் இதுக்கு அப்புறம்தான்.

ரெண்டாவது வருஷம், காலைல ஏழரை, ஷிஃப்ட் மாறுற ஹேண்டோவர். ரெண்டு பேர் உடம்பு சரியில்லன்னு போன் பண்ணி லீவு. சார்ஜ்ல இருந்த சிஸ்டர் என்னப் பாத்ததும் முகம் மலர்ந்து "அப்பாடா, நீ பழைய ஆளாச்சே, பே சி-ய பாத்துக்கோ"ன்னுட்டாங்க. பே சின்னா வார்டுல ஆறு பேஷண்ட் இருக்குற ஒரு பகுதி. ஆறு பேர குளிப்பாட்டி, பெட் மாத்தி, கமோட் தள்ளி, நிமிர்ந்து பாத்தா மணி ரெண்டு. அன்னைக்கு நான் சூப்பர்வைசர் கூட பண்ண வேண்டிய மருந்து ரவுண்ட் ரெண்டும் போச்சு, ஃபைல்ல கையெழுத்து வாங்க ஒண்ணுமே இல்ல. வீட்டுக்கு வந்து அழுதேன்னு சொன்னா நம்புவீங்களா தெரியல.

அதுக்கப்புறம் நான் கத்துக்கிட்ட வழி இது. முடியாதுன்னு நேரா சொன்னா வார்டுல பேர் கெட்டுடும், அதனால "பே சி-ய நான் எடுத்துக்குறேன் சிஸ்டர், ஆனா அந்த ஆறு பேரோட மாத்திரை, கேர் பிளான், டாக்டர் ரவுண்ட்ஸ், டிஸ்சார்ஜ் எல்லாமே சூப்பர்வைசர் கூட நின்னு நானே பண்றேன்"னு சொல்லுங்க. அவங்களுக்கும் ஆள் கிடைச்ச மாதிரி ஆச்சு, உங்களுக்கும் நர்ஸ் வேலை ஆச்சு. அப்படியும் திரும்பத் திரும்ப நடந்தா தேதி, நேரம் போட்டு குறிச்சு வச்சுக்கிட்டு ப்ராக்டிஸ் எஜுகேஷன் டீமுக்கு மெயில் அனுப்புங்க, வாயால சொன்னது காத்தோட போயிடும். பிளேஸ்மென்ட்டுக்கு ஸ்டூடண்ட் யூனிஃபார்ம்லயே போங்க, பழைய கலர் டியூனிக்க போட்டுட்டுப் போனா பெல் அடிக்குற எல்லா பேஷண்ட்டும் உங்களத்தான் கூப்பிடுவாங்க.

அசைன்மென்ட்டுக்கு ஒரு விஷயம் மட்டும். பன்னண்டரை மணி நேர ஷிஃப்ட் முடிச்சு வந்து எழுத உக்காந்தா மூளை வேலை செய்யாது, நான் பஸ் ஸ்டாப்லயே நின்னு போன்ல அஞ்சு வரி பேசி ரெக்கார்ட் பண்ணிடுவேன், இன்னைக்கு என்ன நடந்துச்சு, எங்க தடுமாறினேன்னு. பேஷண்ட் பேர், பெட் நம்பர் எதுவும் அதுல வரக் கூடாது, பக்கத்துல ஆள் நின்னா வாயே திறக்கக் கூடாது. நாம செஞ்சத நாமளே அலசி எழுதுற ரிஃப்ளெக்டிவ் எஸ்ஸேக்கு பாதி சரக்கு அதுலயே வந்துடும்.

மருந்துக் கணக்குல 100-க்கு 100 எடுத்தாத்தான் பாஸ், 99 எடுத்தாலும் ஃபெயில். 5 மில்லில 125 மில்லிகிராம் இருக்குற சிரப்புல 200 மில்லிகிராம் குடுக்கணும்னா 200-ஐ 125-ஆல வகுத்து 5-ஆல பெருக்கணும், 8 மில்லி. பாக்க ஒண்ணும் இல்ல, ஆனா மைக்ரோகிராமும் மில்லிகிராமும் கலந்து வந்தாத்தான் எல்லாரும் வழுக்குவாங்க, தினம் பத்து கணக்கு போடுங்க.

பணம். சம்பளம் வரும்தான், ஆனா நைட், சண்டே எக்ஸ்ட்ரா எனக்கு யுனிவர்சிட்டி பிளாக்ல, அதாவது கிளாஸ் மட்டும் நடக்குற வாரங்கள்ல, சுத்தமா நின்னுடுச்சு, அந்த மாச பேஸ்லிப்ப பாத்து தப்பா போட்டுட்டாங்கன்னு பேரோல்ல சண்டைக்கே போயிட்டேன். சேர்றதுக்கு முன்னாடியே எந்த பேண்ட் (சம்பள கிரேடு), எக்ஸ்ட்ரா உண்டா, நடுவுல விட்டா என்ன ஆகும்னு எழுத்துல வாங்கிடுங்க. ட்ரெயினிங் செலவ திருப்பிக் குடுன்னு அப்ரண்டிஸ்கிட்ட கேக்க ஃபண்டிங் ரூல்ஸ்ல இடமில்ல, பாதில நின்னாலும் அதேதான், தெரிஞ்சு வச்சுக்குங்க. குறையுற காச பேங்க் ஷிஃப்ட், அதாவது கூடுதல் ஷிஃப்ட், போட்டு சரிக்கட்டப் பாத்து நான் ஒரு பேப்பர்ல ஃபெயில் ஆனேன், அத ரெண்டாவது தடவை எழுதினேன். குழந்தை, உடம்புன்னு ஏதாவது வந்தா ஒரேடியா விட்டுடாதீங்க, பிரேக் இன் லேர்னிங்னு ஒண்ணு இருக்கு, நிறுத்தி வச்சுட்டுத் திரும்ப வரலாம்.

கடைசியா, பிளேஸ்மென்ட் போன முதல் நாளே, உங்கள மதிப்பிட்டு கையெழுத்துப் போடுற ப்ராக்டிஸ் அசெசரோட லீவு தேதிய கேட்டு உங்க ரோட்டால (ஷிஃப்ட் அட்டவணைல) எழுதிக்குங்க. என்னோட அசெசர் கடைசி வாரம் லீவுல போயிட்டாங்க, அந்த ஒரு கையெழுத்துக்காக மூணு வாரம் நான் அந்த வார்டு வாசல்ல நின்னேன்.