தைராய்டு மாத்திரைக்குத் தனி நேரம் கொடுங்கள்

குடியாத்தத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். தைராய்டு சுரப்பு குறைவு என்று ஒன்பது வருடமாகத் தைராய்டு மாத்திரை போடுகிறேன். போன வருடம் ஒரு நாள்கூட விடாமல் போட்டும் டிஎஸ்ஹெச் (தைராய்டு ஹார்மோன் குறைந்தால் ரத்த டெஸ்டில் ஏறும் அளவு) 11-க்கு ஏறிவிட்டது. மதியம் மூன்று மணிக்கெல்லாம் தையல் மிஷின் மேலேயே தலை சாய்ந்துவிடும். டோஸைக் கூட்டுவார்கள் என்று நினைத்துத்தான் வேலூருக்குப் பஸ் ஏறினேன்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். "காலையில எழுந்ததுல இருந்து என்னென்ன சாப்பிடறீங்க, வரிசையா சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். ஐந்தரைக்குத் தைராய்டு மாத்திரை. அதே டம்ளர் தண்ணீரில், ரத்தம் குறைவு என்று புதிதாகக் கொடுத்திருந்த இரும்புச்சத்து மாத்திரை. பத்து நிமிடத்தில் காபி. அவர் டோஸை மாற்றவில்லை. நேரத்தை மட்டும் மாற்றிக் கொடுத்தார். எட்டு வாரம் கழித்துப் பார்த்தபோது டிஎஸ்ஹெச் 3.2, சரியான அளவுக்கு வந்துவிட்டது.

நடந்தது இதுதான். இரும்பும் கால்சியமும் வயிற்றில் இந்த மாத்திரையோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியது ரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும். அதனால் தைராய்டு மாத்திரைக்கும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது இருக்கட்டும். நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் மருந்துக்கும் இதே கணக்கு. சத்து மாத்திரை வாங்கினால் அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் இரும்போ கால்சியமோ இருக்கும்.

எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில் போடுங்கள். காபி, டீ, பால் எதுவானாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். எங்கள் பக்கம் காலையில் கேழ்வரகுக் கூழ் குடிப்போம், அதில் கால்சியம் நிறைய. நான் ஐந்து மணிக்கு மாத்திரை போட்டு, வாசல் தெளித்துக் கோலம் போட்டு, தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு ஆறரைக்குக் கூழ் குடிக்கிறேன். கூழை விடவே இல்லை. காலையில் முடியாதவர்கள் இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடலாம், ஆனால் டாக்டரிடம் சொல்லிவிட்டு மாற்றுங்கள்.

மாத்திரை பாட்டிலை அடுப்புக்கு மேல் அலமாரியில் வைக்காதீர்கள். நம்மூர் கத்திரி வெயிலே போதும், அதோடு அடுப்புச் சூடும் ஆவியும் சேர்ந்தால் மருந்தின் வீரியம் குறையும். வந்த பாட்டிலிலேயே மூடி, வெயில் படாத அறையில் வையுங்கள்.

சரி, உப்புக்கு வருவோம். தைராய்டு ஹார்மோனே அயோடின் சேர்ந்து உருவாவதுதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். இப்போது பலர் இயற்கை என்று சொல்லி இந்துப்பு, அயோடின் சேர்க்காத கல் உப்பு என்று மாறுகிறார்கள். வீட்டில் வளரும் பிள்ளையும் கர்ப்பிணியும் இருந்தால் இது எனக்குக் கவலையாகவே இருக்கிறது. அயோடின் உப்பையே வாங்கி, மூடி போட்ட டப்பாவில் வைத்து, குழம்பு இறக்கும் சமயத்தில் போடுங்கள். அதற்காக அயோடின் அதிகம் சாப்பிட்டால் தைராய்டு சரியாகிவிடும் என்று கடற்பாசி மாத்திரை வாங்காதீர்கள். நம்மில் பலருக்கு இந்தக் குறைபாடு, உடம்பின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்குவதால் வருகிறது. அவர்களுக்கு அயோடின் கூடினால் இன்னும் கெடலாம்.

முட்டைக்கோஸ், மரவள்ளிக்கிழங்கு எல்லாம் சாப்பிடக்கூடாது என்று ஒரு பெரிய பட்டியலே கையில் கொடுப்பார்கள். உடம்பில் அயோடின் போதுமான அளவு இருந்தால், வேகவைத்து அளவாகச் சாப்பிடுவதில் பயமில்லை.

இரும்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மாத்திரையைத் தள்ளிப் போடச் சொன்னேனே தவிர, விடச் சொல்லவில்லை. தைராய்டு சுரப்பி ஹார்மோன் செய்யவே இரும்பு வேண்டும். டிஎஸ்ஹெச் சரியாக இருந்தும் அசதி போகவில்லை, முடி கொட்டுகிறது என்றால் ஹீமோகுளோபினோடு, உடம்பின் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பி12 வைட்டமினும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். செலினியமும் தேவைதான், தைராய்டின் டி4 ஹார்மோன், உடம்பு பயன்படுத்தும் டி3-ஆக மாறுவது அதன் உதவியால்தான். முட்டை, மீனிலேயே கிடைக்கும். மாத்திரையாகத் தொடர்ந்து அதிகம் போனால் முடியும் நகமும் உதிரும்.

ஆம்பூரில் இருக்கும் என் நாத்தனார் முடிக்காக பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். டெஸ்டில் தைராய்டு மாத்திரை டோஸ் அதிகமானதுபோல் காட்டியது. பயோட்டினை மூன்று நாள் நிறுத்திவிட்டு மறுபடி டெஸ்ட் எடுத்தால் எல்லாம் சரியாக இருந்தது. சில லேப் முறைகளில் பயோட்டின், தைராய்டு அளவை மாற்றிக் காட்டும். ரத்தம் கொடுக்க இரண்டு நாள் முன்பே நிறுத்திவிடுங்கள். டோஸோ நேரமோ மாற்றினால் ஆறு முதல் எட்டு வாரம் கழித்தே டெஸ்ட் எடுங்கள், அதற்கு முன் எடுத்தால் சரியான அளவு தெரியாது.

மாத்திரை போடும் பெண்களுக்கு நாள் தள்ளிப்போனால் அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள், பெரும்பாலும் டோஸைக் கூட்ட வேண்டியிருக்கும். கர்ப்பத்தில் இரும்பும் கால்சியமும் சேர்த்துக் கொடுப்பார்கள், அவை இரண்டையும்கூட ஒன்றாகப் போடக்கூடாது. பேரணாம்பட்டில் என் அக்கா மகளுக்கு மூன்று தீப்பெட்டி டப்பாவில் போட்டு எழுதிக் கொடுத்தேன்: விடியற்காலை தைராய்டு, மதியம் சாப்பிட்டபின் கால்சியம், ராத்திரி இரும்பு.